கால் வீக்கம், 90 நாள், நான் கேட்க மறந்த ஒரு கேள்வி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றாமல், தேவையான இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். "டாக்டர், எங்க மாமா ரிப்போர்ட்ல டிவிடின்னு போட்டிருக்கு. எங்க வீட்ல இப்ப பிளேயரே இல்லையே." சிரிச்சுட்டேன். அடுத்த வரியில, "மாத்திரை ஒரு மாசம் சாப்பிட்டாச்சு, கால் நார்மலா இருக்கு. நிறுத்திடலாமா?"ன்னு கேட்டிருந்தார். சிரிப்பு போயிடுச்சு.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த எபிசோட். ஆனா அதை நோணாங்குப்பத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும். உங்கள்ல நிறைய பேருக்கு நோணாங்குப்பம்னா சுண்ணாம்பாறு படகுத் துறை, பாரடைஸ் பீச், ரெண்டு ரீல்ஸ், அவ்வளவுதான். எனக்கு அது சாயங்காலம் 6 மணிக்கு கிளினிக் ஷட்டரைத் தூக்குற ஊர். கடலூர் ரோட்டுல இருந்து உள்ளே திரும்பினா, ஒரு மேசை, ஒரு கட்டில், பி.பி. மெஷின், ஒரு தையல்காரர் டேப். அந்த டேப் பத்தி அப்புறம் சொல்றேன்.

இனி நான் சொல்லப்போற பொண்ணு ஒரே ஆள் இல்லை. நான் பார்த்த சிலரோட விவரங்களைக் கலந்து, அடையாளம் தெரியாத மாதிரி மாத்தியிருக்கேன். வயசு 26, பெங்களூர்ல ஐ.டி. வேலை. ஆடி மாசம் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேருக்கு ஊருக்கு வந்திருந்தா. நைட் பஸ், ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்தபடியே பயணம். வந்த ரெண்டு நாள்ல இடது கெண்டைக்கால்ல வலி, அப்புறம் வீக்கம். என்கிட்ட வரும்போது ஒன்பதாவது நாள்.

ஒன்பது நாளும் வீட்ல சும்மா இருக்கலை. அம்மா சொன்னாங்க: "நரம்பு இழுத்துக்கிச்சு டாக்டர். நல்லெண்ணெய் சுட வச்சு நல்லா நீவி விட்டேன். மெடிக்கல்ல நரம்பு மாத்திரையும் வாங்கிக் கொடுத்தோம்." கூட வந்த பாட்டி என் காது பக்கம் குனிஞ்சு, "யானைக்காலா இருக்குமாப்பா?"ன்னாங்க.

ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோபம் இல்லை. தமிழ்ல நாம சிரையையும் நரம்புன்னுதான் சொல்றோம். ரத்தம் எடுக்கும்போது "நரம்பு கிடைக்கலை"ன்னு சொல்றோமே, அது சிரை. உடம்புலேருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோற குழாய். உணர்ச்சியைக் கடத்துற நிஜ நரம்புக்கும் அதே பேர். பேர் ஒண்ணாயிட்டா வைத்தியமும் ஒண்ணாயிடுது: எண்ணெய், நீவல், பி காம்ப்ளெக்ஸ். ரத்தம் உறைஞ்சு கிடக்கிற காலை அழுத்தி நீவினா, அந்தக் கட்டி உடைஞ்சு மேலே கிளம்பிப் போற ஆபத்து இருக்கு.

பாட்டியோட பயத்துக்கு இன்னும் பழைய காரணம். யானைக்கால் நோய் புதுச்சேரிக்குப் புதுசு இல்லை. கொசு வழியா பரவுற நோய்களை ஆராயறதுக்குன்னே ஐ.சி.எம்.ஆர். 1975-ல இங்கே ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சது. 1981 முதல் 1985 வரைக்கும் இந்த ஊர்ல யானைக்கால் கொசுவைக் குறைக்கப் பெரிய திட்டமே நடந்தது. அந்தக் காலத்தைப் பார்த்த பாட்டிக்கு, ஒரு கால் மட்டும் வீங்கினா முதல்ல அதுதான் ஞாபகம் வரும். ஆனா யானைக்கால் வருஷக்கணக்குல மெதுவா வளர்ற வீக்கம். இது நாள் கணக்கு. போன வாரம் போட்ட செருப்பு இந்த வாரம் ஒரு கால்ல மட்டும் இறுக்குதுன்னா, அது அவசரம்.

இப்போ அந்த டேப். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்புல ஒரு மேடு தட்டுப்படும். அங்கிருந்து 10 செ.மீ. கீழே ரெண்டு காலையும் சுத்தி அளக்கணும். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல போனா ஒரு மார்க். சிரை போற பாதையில அமுக்கினா வலிச்சா ஒரு மார்க். விரல் வச்சு அமுக்கினா குழி விழுந்தா ஒண்ணு. புற்றுநோய், மாவுக்கட்டு, சமீபத்துல பெரிய ஆபரேஷன் இப்படி இன்னும் சில. வேற ஏதாவது காரணம் பொருத்தமா தெரிஞ்சா 2 மார்க் கழிச்சுடணும். கனடாவைச் சேர்ந்த டாக்டர் வெல்ஸும் அவர் குழுவும் 1990-கள்ல உருவாக்கின கணக்கு இது. 2 அல்லது அதுக்கு மேலன்னா, உறைவு இருக்க வாய்ப்பு அதிகம்னு எடுத்துக்கணும். இந்தப் பொண்ணுக்கு 3.

நிறைய பேர் நேரா லேபுக்குப் போய் டி-டைமர் டெஸ்ட் எடுத்துட்டு வந்துடறாங்க. கோவிட் காலத்துல பிரபலமான பேர். அந்த டெஸ்ட்டோட வேலையே வேற. மார்க் குறைவா இருக்கிறவங்களுக்கு, "உனக்கு இது இல்லை, வீட்டுக்குப் போ"ன்னு தைரியமா சொல்றதுக்குத்தான் அது உதவும். காய்ச்சல், கர்ப்பம், ஆபரேஷன், வயசு எது இருந்தாலும் அது ஏறும். அதனால ஏறியிருந்தா மட்டும் எதுவும் உறுதி ஆகாது. மார்க் அதிகமா இருந்தா டி-டைமரைத் தாண்டி நேரா ஸ்கேன். டாப்ளர் பண்ற டாக்டர் கருவியால சிரையை மெதுவா அழுத்திப் பார்ப்பார். நல்ல சிரை, தண்ணி இல்லாத ரப்பர் பைப் மாதிரி ஒட்டிக்கும். உள்ளே உறைவு இருந்தா ஒட்டாது. வலி இல்லாத, எளிமையான டெஸ்ட்.

ஆனா மணி அப்போ ராத்திரி ஏழரை. ஸ்கேன் சென்டர் மூடியாச்சு. ஜிப்மர் ஊரோட வடக்கே கோரிமேட்டுல. நாங்க தெற்கே. நடுவுல முருங்கப்பாக்கம், மரப்பாலம் டிராஃபிக். மூச்சுத் திணறல் இல்லை, நாடித் துடிப்பு, ஆக்ஸிஜன் எல்லாம் சரி. இந்த மாதிரி நேரத்துல, ஸ்கேன் காலையிலதான்னா, ரத்தக் கசிவு ஆபத்து இல்லாதவங்களுக்கு முதல் டோஸை அன்னைக்கே கொடுத்துடணும். சந்தேகம் பலமா இருக்கும்போது ராத்திரி முழுக்க காத்திருக்கிறதுதான் பெரிய ரிஸ்க். எனாக்ஸாபாரின் ஊசி, எடைக்கு ஏத்த அளவு, வயித்துத் தோலுக்கு அடியில.

அதுக்கு முன்னாடி சிறுநீர்ல கர்ப்ப டெஸ்ட் கார்டு போட்டேன். "கல்யாணமே ஆகலையே டாக்டர்"னு அம்மா முறைச்சாங்க. "எல்லாருக்கும் போடறதும்மா, மருந்து தேர்ந்தெடுக்க"ன்னேன். உண்மையும் அதுதான். கர்ப்பமா இருந்தா இப்போ வர்ற மாத்திரைகள் ஆகாது, ஊசி மட்டும்தான். அம்மாவை வெளியே உட்கார வச்சுட்டு இன்னொண்ணும் கேட்டேன்: "வேற ஏதாவது மாத்திரை எடுத்தியாமா? பீரியட்ஸ் தள்ளிப்போட?"

எடுத்திருந்தா. திருவிழா நாளும் தேதியும் ஒண்ணா வந்ததால, மெடிக்கல்ல சீட்டு இல்லாமயே வாங்கினது. நோரெதிஸ்டிரோன், ஒரு நாளைக்கு மூணு, பத்து நாள். கல்யாணம், கோயில், பரீட்சைன்னு நம்ம வீடுகள்ல இது ரொம்ப சாதாரணம். பெரும்பாலான பேருக்கு ஒண்ணும் ஆகறதில்லைங்கறதையும் சொல்லணும், பயமுறுத்தறதுக்காகப் பேசலை. ஆனா அந்த அளவுல எடுக்கும்போது மருந்தோட ஒரு சின்னப் பங்கு உடம்புக்குள்ளே ஈஸ்ட்ரோஜென் வகையா மாறுது. ஈஸ்ட்ரோஜென் ரத்தத்தோட உறையும் தன்மையைக் கூட்டும். உங்களுக்கோ, அப்பா அம்மா கூடப்பிறந்தவங்களுக்கோ முன்னாடி ரத்த உறைவு வந்திருந்தா, இந்த மாத்திரையை மெடிக்கல் கவுன்ட்டர்ல முடிவு பண்ணாதீங்க. கருத்தடை மாத்திரைக்கும் இதே பேச்சுதான்.

ஜெர்மனியில ருடால்ஃப் விர்ஹோன்னு ஒரு மருத்துவர், 19-ஆம் நூற்றாண்டுல இருந்தவர். சிரையில ரத்தம் உறைய மூணு வழின்னு அவர் பேரைச் சொல்லித்தான் இன்னைக்கும் பாடம் நடக்குது: ஓட்டம் மந்தமாகுறது, குழாய்ச் சுவர் அடிபடறது, ரத்தமே உறையத் துடிக்கறது. இவளுக்கு பஸ் ஒண்ணு, மாத்திரை ஒண்ணு. கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளுற பம்ப். உட்கார்ந்தே இருந்தா பம்ப் ஆஃப்.

இதுல ஒரு விஷயம் தனியா சொல்லியே ஆகணும். பிரசவமான முதல் 6 வாரம் ஒரு பொண்ணோட வாழ்க்கையிலேயே உறைவு ஆபத்து மிக அதிகமா இருக்கிற காலங்கள்ல ஒண்ணு. அந்தச் சமயத்துலதான் நம்ம பக்கம், "பிள்ளை பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்"னு சொம்பைப் பிடுங்கி வைக்கிறோம். உடம்பு வறண்டா ரத்தம் கெட்டியாகுது. கால்ல மட்டும் இல்லை, மூளையோட சிரையிலயும் உறைவு வருது. பிரசவத்துக்கு அப்புறம் விடாத தலைவலி, வலிப்புன்னு வர்ற பெண்களை இந்தியாவுல நரம்பியல் டாக்டர்கள் பல வருஷமா பார்த்துட்டிருக்காங்க. அக்காவுக்கோ அண்ணிக்கோ குழந்தை பிறந்திருந்தா, பக்கத்துல ஒரு பெரிய பாட்டில் தண்ணி வச்சுட்டு வாங்க. சண்டை வந்தா என் பேரைச் சொல்லுங்க.

சரி, மறுநாள் ஸ்கேன். தொடைச் சிரை வரைக்கும் உறைவு. சிகிச்சை ஆரம்பிச்சாச்சு. இங்கே ஒரு சந்தோஷமான செய்தி உண்டு. முன்னாடி இருந்தது வார்ஃபரினும், நம்ம ஊர்ல அதிகம் கொடுக்கிற அசெனோகூமரோலும்தான். வார்ஃபரினோட கதை அமெரிக்க மாட்டுக் கொட்டகையில ஆரம்பிக்குது. கெட்டுப்போன இனிப்புத் தீவனப்புல்லைத் தின்ன மாடுகள் ரத்தம் கசிஞ்சு செத்தது. அதுல இருக்கிற பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல கார்ல் பால் லிங்க் குழு பிரிச்செடுத்தது. அந்த வேதிப்பொருளோட குடும்பத்துல வந்த வார்ஃபரின் 1948-ல முதல்ல எலி மருந்தாத்தான் விற்பனைக்கு வந்தது. அப்புறம்தான் மனுஷங்களுக்கு. நல்ல மருந்து, ஆனா ஐ.என்.ஆர். டெஸ்ட்டை அடிக்கடி எடுத்து 2-க்கும் 3-க்கும் நடுவுல நிறுத்தணும். அதுல இருக்கிறவங்களுக்கு "கீரையே தொடாதே"ன்னு சொல்லி அனுப்புறது தப்பு. முருங்கைக்கீரை சாப்பிடுங்க, வாரத்துக்கு எவ்வளவுன்னு ஒரே அளவா சாப்பிடுங்க. ஒரு வாரம் சுத்தமா இல்லாம, அடுத்த வாரம் தினமும் கடைஞ்சு சாப்பிட்டாத்தான் கணக்கு ஆடும்.

இப்போ ரிவாரோக்சபான், அபிக்சபான் மாதிரி மாத்திரைகள் இருக்கு. இந்தியாவுல பல கம்பெனிகள் தயாரிக்கறதால விலை இறங்கியிருக்கு. ஐ.என்.ஆர். வேண்டாம், கீரைக் கணக்கு வேண்டாம். ஆனா முதல்ல பெரிய டோஸ், அப்புறம் சின்ன டோஸ்னு ஒரு வளைவு இருக்கு. அபிக்சபான் முதல் 7 நாள் 10 மி.கி. ரெண்டு வேளை, பிறகு 5 மி.கி. ரெண்டு வேளை. ரிவாரோக்சபான் முதல் 21 நாள் 15 மி.கி. ரெண்டு வேளை, பிறகு 20 மி.கி. ஒரு வேளை. இந்த வளைவுலதான் வண்டி கவிழும். பழைய சீட்டைக் காட்டிப் பெரிய டோஸையே தொடர்ந்து வாங்கறவங்க உண்டு, முதல் அட்டை தீர்ந்ததும் "கோர்ஸ் முடிஞ்சது"ன்னு நிறுத்தறவங்களும் உண்டு. இன்னொண்ணு, ரிவாரோக்சபான் சாப்பாட்டோடதான் உடம்புல சரியா சேரும். வெள்ளிக்கிழமை விரதம்னு வெறும் வயித்துல போட்டா, மருந்துல ஒரு பங்கு வீண். இதை நான் சீட்டுல பெரிய எழுத்துல எழுதறேன்.

இந்த மாத்திரை ரத்தத்தைத் தண்ணியாக்காது. இருக்கிற கட்டியை நேரா கரைக்கவும் செய்யாது. புதுசா வளராம தடுத்துட்டு நிக்கும். அந்த இடைவெளியில உடம்பே மெதுவா கரைக்கும். அதனாலதான் குறைஞ்சது 3 மாசம். கால் வலி ரெண்டு வாரத்துல போயிடும், வேலை முடிய 90 நாள் ஆகும். நான் அவகிட்ட இதெல்லாம் தெளிவா சொன்னேன். படுத்தே இருக்க வேண்டாம், நடக்கலாம்னு சொன்னேன். மருந்து ஆரம்பிச்சப்புறம் நடக்கறது நல்லதுதான். மூச்சு வாங்கினா, நெஞ்சு குத்தினா, மயக்கம் வந்தா 108-ன்னும் சொன்னேன். எல்லாம் சொன்னதா நினைச்சுக்கிட்டேன்.

பெங்களூருக்குத் திரும்பிப் போனா. ஏழாவது வாரம் மெட்ரோ படி ஏறும்போது மூச்சு முட்டி உட்கார்ந்துட்டா. ஆஸ்பத்திரியில சி.டி. எடுத்தாங்க. கால்ல இருந்து கிளம்பின உறைவு நுரையீரல் தமனியில போய் அடைச்சிருந்தது. நாலு நாள் ஐ.சி.யு. பிழைச்சுட்டா. போன் பண்ணும்போது அவளே சொன்னா: "அஞ்சாவது வாரமே மாத்திரையை நிறுத்திட்டேன் டாக்டர். பீரியட்ஸ் எட்டு நாள் நிக்கலை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட். ஆபீஸ்ல எழுந்திருக்கவே பயம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. கால்தான் சரியாயிடுச்சேன்னு விட்டுட்டேன்."

தப்பு அவளோடது இல்லை. ரத்தம் உறையாம இருக்க மருந்து கொடுத்தா மாதவிடாய் அதிகமாகும், இது புத்தகத்துலேயே இருக்கு. ரிவாரோக்சபான்ல கொஞ்சம் கூடுதலாவே பார்க்கிறோம். நான் அவகிட்ட, "பல் ஈறுல ரத்தம் வருதா? சிறுநீர்ல, மலத்துல வருதா?"ன்னு கேட்டேன். 26 வயசுப் பொண்ணுகிட்ட எந்த இடத்துல ரத்தம் அதிகமாகும்கறதை மட்டும் கேட்கலை. கர்ப்ப டெஸ்ட்டுக்கு அம்மா முறைச்சதுல நானும் கொஞ்சம் சுருங்கிட்டேனோ என்னவோ.

வழி இல்லாத பிரச்சனையும் இல்லை இது. மாத்திரையை மாத்தலாம். மகப்பேறு டாக்டர்கிட்ட அனுப்பி, கர்ப்பப்பைக்குள்ளே வைக்கிற ஹார்மோன் சாதனம் மாதிரி வழிகளைப் பார்க்கலாம். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து கொடுக்கலாம். அவளுக்கு அப்புறம் அதைத்தான் செஞ்சோம். நிறுத்தறது ஒண்ணுதான் செய்யக் கூடாதது, குறிப்பா முதல் 3 மாசத்துல.

அதுக்கப்புறம் என் மேசை கண்ணாடிக்கு அடியில ஒரு தாள் வச்சிருக்கேன். உறைவு மருந்து சாப்பிடறவங்க யார் வந்தாலும் அதைப் பார்த்துக் கேட்பேன். மாதவிடாய்தான் முதல் வரி. அடுத்தது ஊசி. நம்ம ஊர்ல "ஒரு ஊசி போட்டு விடுங்க"ன்னு கேட்காத பேஷண்ட் கிடையாது. இந்த மருந்து சாப்பிடறவங்களுக்கு இடுப்புல டைக்ளோஃபெனாக் ஊசி போட்டா ரெண்டு விதத்துல சிக்கல்: ஊசி குத்தின தசைக்குள்ளேயே ரத்தம் கட்டும், அந்த வலி மருந்து வயித்துலயும் ரத்தக் கசிவைத் தூண்டும். மெடிக்கல்ல தானா வாங்குற மூட்டு வலி மாத்திரைக்கும் இதே கதை. வலின்னா பாராசிட்டமால் போதும். பழைய இதய மாத்திரையில ஆஸ்பிரின் ஒளிஞ்சிருக்கான்னு அட்டையைத் திருப்பிப் பார்ப்பேன். டி.பி. மருந்து சாப்பிடறாங்களான்னும் கேட்பேன், ரிஃபாம்பிசின் இந்தப் புது மாத்திரைகளோட வேகத்தைக் குறைச்சுடும். வலிப்பு மருந்து சிலதும் அப்படித்தான். புதுச்சேரிங்கறதால குடியைப் பத்தியும் கேட்டாகணும். "எப்பவாவதுதான் டாக்டர்"ங்கற பதிலை நான் எந்தக் கணக்குல எடுத்துக்கறேன்னு இங்கே சொல்ல மாட்டேன்.

எப்போ நிறுத்தறது? ஆபரேஷன், மாவுக்கட்டு, ஹார்மோன் மாத்திரை மாதிரி வந்து போற காரணம்னா பெரும்பாலும் 3 மாசத்துல நிறுத்தலாம். புற்றுநோய்னா, அது இருக்கிற வரைக்கும் மருந்தும் இருக்கும். காரணமே தெரியாம வந்ததுன்னா, ரத்தக் கசிவு ஆபத்தையும் பார்த்து, ஆறு மாசத்துக்கு அப்புறம் சின்ன டோஸ்ல ரொம்ப நாள் தொடர வேண்டியிருக்கலாம். சிலருக்கு கால்ல கனமும் வீக்கமும் தங்கிடும். அவங்களுக்கு இறுக்கமான காலுறை சுகம் கொடுக்கும்னா போடட்டும், எல்லாருக்கும் கட்டாயம் இல்லை.

மெசேஜ் அனுப்பின தம்பிக்கு: ஒரு மாசத்துல நிறுத்தாதீங்க. மாமாவோட டிஸ்சார்ஜ் சம்மரியில ஏன் வந்ததுன்னு எழுதியிருக்கான்னு பாருங்க, எழுதலைன்னா அடுத்த செக்கப்ல அதைத்தான் முதல்ல கேளுங்க. இன்னைக்கே அட்டையில எத்தனை மாத்திரை மிச்சம்னு எண்ணுங்க. ஞாயித்துக்கிழமை தீர்ந்து போற மாதிரி இருந்தா, சனிக்கிழமையே மெடிக்கலுக்குப் போயிட்டு வந்துடுங்க.